சிவந்தும் மழுங்காத முனை

லேத் பட்டறையில் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலைச் சாணை பிடிக்கும்போது பொறியைக் கவனியுங்கள். சாதாரணக் கார்பன் ஸ்டீல் என்றால் மத்தாப்பூ மாதிரி வெளிறிய மஞ்சளில் வெடித்துக் கிளைக்கும். இதுவோ மங்கிய சிவப்பில், வெடிக்காமல், கீற்றாக விழும். டங்ஸ்டன் பார்க்கும் வேலை அது.

வெறும் இரும்புக் கார்பைடை நம்பிய முனை 200 டிகிரி தாண்டினாலே இளகத் தொடங்கிவிடும். ஹெச்.எஸ்.எஸ்ஸின் எம்2 ரகத்தில் டங்ஸ்டன் 6, மாலிப்டினம் 5, குரோமியம் 4, வனேடியம் 2 சதவீதம் அளவில் இருக்கின்றன. கார்பனைப் பிடித்துக்கொள்வதில் இரும்பைவிட இவை கில்லாடிகள். 1,200 டிகிரி அளவில் காய்ச்சி, குளிரவைத்து, மறுபடி 550 டிகிரிக்குச் சூடேற்றினால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கார்பைடுகள் விளைகின்றன. இளக வேண்டிய சூட்டில் எஃகு இறுகுகிறது! 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் டெய்லர், வைட் என்ற இருவர் உருவாக்கிய இவ்வகை டூல், முனை சிவந்த பிறகும் இரும்பைச் சீவியது.

என் ஓட்டு வனேடியத்துக்குத்தான். அதன் கார்பைடு, அலுமினியம் ஆக்ஸைடு சாணைக்கல்லைவிடக் கடினம். வனேடியம் தூக்கலான டூலைத் தீட்ட உட்கார்ந்தால் கல்தான் வேகமாகத் தேயும். நிக்கலும் சிலிக்கனும் எஃகில் கார்பனைப் பிடிக்கும் இந்த வம்புக்கே வருவதில்லை.