முள்ளியவளையிலிருந்து ஒரு சிலம்புத் தளம்: பழந்தமிழ் கற்பிக்கும் இணையங்கள் குறித்து

முள்ளியவளையில் உயர்தரத்துக்குத் தமிழ் எடுத்திருக்கும் பிள்ளைக்கு இன்று சங்க நூல்களுக்குத் தட்டுப்பாடு இல்லை. போனில் தேடினால் எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் வந்துவிடும். முன்பு அவற்றுள் ஒன்றைப் புரட்டிப் பார்க்க ஆசிரியர் யாருடையதாவது வீட்டு அலுமாரியைத்தான் நம்பவேண்டியிருந்தது. போர் அந்த அலுமாரிகளையும் விட்டுவைக்கவில்லை. இணையம் வன்னிக்குச் செய்த உபகாரம் சிறியதல்ல. ஆனால் நூல் கைக்கு வந்த பிறகு அதை எப்படி வாசிப்பது என்று சொல்லித்தரும் தளங்கள் குறைவு. இருப்பவற்றிலும் பல இந்தப் பிள்ளையை நினைத்துக் கட்டப்பட்டவை அல்ல.

முதலில் வந்தது நூல்களைச் சேர்க்கும் வேலை. 1998 பொங்கலன்று, சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்த கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்களில் ஒருவர் தட்டச்சு செய்ய, இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். முதல் மின்னூல் திருக்குறள். 2001 பெப்ரவரியில் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம், மூலத்தோடு பழைய உரைகளையும் அகராதிகளையும் நிகண்டுகளையும் ஏற்றியது. சான்றிதழ், பட்டப் படிப்புகளையும் நடத்தியது. 2005இல் நம் நாட்டில் நூலகம் திட்டம் எழுந்தது. ஈழத்தில் அச்சானவை எல்லாம் அதன் எல்லைக்குள் வந்தன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்ததைக் கண்ட சமூகத்துக்கு இந்த வேலையின் அவசரத்தை விளக்கவேண்டியதில்லை. கலித்தொகையை 1887இல் அச்சேற்றிய சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையும், தொல்காப்பிய உரைகளுக்குக் குறிப்பெழுதிய புன்னாலைக்கட்டுவன் கணேசையரும் செய்ததன் தொடர்ச்சியே இது என்பது என் எண்ணம்.

இவை எல்லாம் நூற்களஞ்சியங்கள். வாசிக்கத் தெரிந்தவருக்குப் பெரும் பேறு. தெரியாதவர் வாசலோடு திரும்ப வேண்டியதுதான்.

கற்பிக்கும் நோக்கோடு எழுந்தவற்றில் முதலில் சொல்லவேண்டியது, ஹவாயில் வாழும் வைதேகி ஹெர்பர்ட்டின் முயற்சி. சங்க நூல்கள் பதினெட்டையும் ஆங்கிலத்தில் பெயர்த்த அவர், அதோடு நிற்காமல் ஒவ்வொரு பாடலின் கீழும் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் கொடுத்தார். ஒரு பாடலை அவருடைய பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவர், பேருரையில் முங்காமலே வினைமுற்று எது, எச்சம் எது என்று பிடித்துக்கொள்ளலாம். ஆனால் பொருள் ஆங்கிலத்தில் இருக்கிறது. புலம்பெயர்ந்த பிள்ளைக்கு அது வழி, முள்ளியவளைப் பிள்ளைக்கு அதுவே இரண்டாவது தடை. கணிதப் பேராசிரியராக இருந்த பாண்டியராஜா உருவாக்கிய தொடரடைவுகள் வேறு வகை: ஒரு சொல் எந்தெந்த நூலில் எந்தெந்த அடியில் வருகிறது என்று ஒரே இடத்தில் காட்டுபவை. ஒரு சொல்லின் பொருளைப் பத்து இடங்களில் வைத்துத் தானே கண்டுபிடிக்கும் சுகம் அகராதியில் கிடைக்காது. அகராதி வேண்டுவோருக்குச் சிக்காகோ பல்கலைக்கழகத் தளத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியும் வின்சுலோ அகராதியும் உள்ளன. இரண்டாவதற்கான சொற்சேகரிப்பு யாழ்ப்பாணத்தில் தொடங்கியது என்பது இங்கு பலர் மறந்த செய்தி. புதுச்சேரியில் ஈவா வில்டன் போன்றோர் நடத்திவந்த கோடைப் பயிலரங்குகள் ஆழமானவை. ஆனால் அவை ஆய்வாளருக்கானவை.

கிரேக்கம், இலத்தீன் பக்கம் பார்த்தால் பொறாமை வரும். 1987இல் அமெரிக்காவில் தொடங்கிய பெர்சியசு திட்டத்தில், ஓமரின் எந்தச் சொல்லைத் தொட்டாலும் அதன் வேர், வேற்றுமை, காலம், அகராதிப் பொருள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். பழந்தமிழுக்கு அந்த அளவில் ஒன்று இன்னும் அமையவில்லை. சோம்பல் மட்டும் இதற்குக் காரணமல்ல. நம் செய்யுள் அச்சில் சீர் சீராகப் பிரிந்து நிற்கிறது, சொல் சொல்லாக அல்ல. ஒரு சொல்லின் தலை ஒரு சீரிலும் வால் அடுத்த சீரிலும் கிடக்கும். புணர்ச்சியில் எழுத்தும் மாறியிருக்கும். தேடுபெட்டியில் அந்தச் சொல்லை இட்டால் இல்லை என்றே விடை வரும். இதன்மேல் எழுத்துரு வினை வேறு. 'ஔ' என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டியவர்கள் ஏராளம். கண்ணுக்கு ஔவையார் சரியாகவே தெரிவார், கணினிக்கு மட்டும் அகப்படமாட்டார். பழைய எழுத்துருக்களிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியபோது துணைக்காலும் ரகரமும் இடம்மாறிய பக்கங்களையும் கண்டிருக்கிறேன். சீர் பிரித்த பாடம், சந்தி பிரித்த பாடம் என்று இரண்டையும் அருகருகே வைத்து, ஒன்றைத் தொட்டால் மற்றதில் ஒளிரச் செய்வதே புதிதாகத் தளம் கட்டுவோர் முதலில் செய்யவேண்டிய வேலை.

எல்லா நூலையும் ஏற்றப் புறப்படுவது வீண். அது நடந்துவிட்டது. முள்ளியவளையிலிருந்து ஒரு தளம் எழுமானால் அது ஒரேயொரு நூலோடு, அதிலும் சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தோடு தொடங்கட்டும் என்பேன். காரணம் இந்த ஊரிலேயே இருக்கிறது. வைகாசியில் சிலாவத்தைத் தீர்த்தக்கரையிலிருந்து எடுத்துவந்த கடல்நீரில் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரிந்து, அடுத்த திங்கட்கிழமை வற்றாப்பளைக் கண்ணகி அம்மனுக்குப் பொங்கல் நடக்கும் ஊர் இது. மட்டக்களப்பில் கண்ணகி வழக்குரை, யாழ்ப்பாணத்தில் கோவலனார் கதை எனப்படுவது இங்கு சிலம்பு கூறல். முல்லைமோடிக் கோவலன் கூத்தும் அண்ணாவிமாரின் கொப்பிகளில் வாழ்கிறது. பாண்டியன் அவையில் என்ன நடந்தது என்பதை இங்குள்ள பிள்ளைக்கு யாரும் கதை சொல்லித் தொடங்கவேண்டியதில்லை. கதை தெரிந்தவருக்குச் செய்யுளில் பாதி தடை நீங்கிவிடும். எந்தச் சொல் யார் வாயில் வருகிறது என்ற ஊகம் முன்னரே இருக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. அடியார்க்குநல்லார் உரை ஊர்சூழ்வரியோடு நின்றுவிடுகிறது. அடுத்து வரும் வழக்குரை காதைக்குப் பழைய உரையென்று அரும்பதவுரைதான், அதுவும் சுருக்கம். ஆக, வன்னி மக்கள் மிக நன்றாக அறிந்த காட்சிக்கே பேருரை இல்லை. எண்பது அடி அளவான அந்தக் காதைக்குச் சந்தி பிரிப்பும், எளிய தமிழில் சொற்பொருளும், ஒரு தமிழாசிரியர் வாசித்த ஒலியும், அருகே சிலம்பு கூறலில் அதே காட்சியும் வைத்தால் அதுவே முழுப் பாடம். ரியூசன் வகுப்பின் குறிப்புக் கொப்பி இதைத் தராது. 1892இல் சிலம்பை அச்சிட்ட உ.வே. சாமிநாதையர் 1942இலும், உரை எழுதிய வேங்கடசாமி நாட்டார் 1944இலும் மறைந்தனர். ஆசிரியர் மறைந்து எழுபது ஆண்டு என்ற நம் சட்டக் கணக்கில் இருவர் நூலுக்கும் காப்புரிமைத் தடை இல்லை. சிலம்பு கூறலுக்கு மட்டும், பாடுபவரையும் கோயிலாரையும் கேட்டே பதிவு செய்யவேண்டும்.

தளம் போனுக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். வருடிய பக்கங்களாக அல்லாமல் எழுத்தாகவே இருந்தால், சிறிய ரீலோட்டிலும் ஒரு காதை இறங்கிவிடும். பிறகு செலவுக் கணக்கு. தொடங்குபவரின் உற்சாகமும் தளப்பெயரின் ஆண்டுக் கட்டணமும் ஒரே நேரத்தில் தீர்ந்துபோன தமிழ்ப் பக்கங்கள் பல. 2009இல் ஜியோசிட்டீசு மூடப்பட்டபோது, இலவசம் என்று அங்கே குடியிருந்தவர்களின் உழைப்பும் அதோடு போனது. ஆகவே வழக்குரை காதை முடிந்த அன்றே அதன் கோப்புகளின் ஒரு படியை நூலகம் நிறுவனத்துக்கும், இன்னொன்றை ஊர்ப் பாடசாலையின் கணினிக்கும் கொடுத்துவிட்டு, அதன் பிறகு அடுத்த காதையான வஞ்சின மாலையைத் தொடங்கலாம்.