ஜாங்கோவின் சேவ்(): எழுதச் சொன்னதும் எழுதப்படுவதும்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரின் நாளிதழ் அலுவலகத்தில் பிறந்தது பைத்தான் வலைச் சட்டகமான ஜாங்கோ. 2005இல் திறந்த மூலமாக வெளியானது. பதிவைத் தரவுத்தளத்தில் எழுதும் அதன் சேவ்() செயற்கூறு அந்தப் பிறப்பிடத்துக்கு வெகு பொருத்தம்: கட்டுரையை ஆசிரியர் ஒருவர் திறப்பார், திருத்துவார், சேமிப்பார். அதே செயற்கூற்றிடம் இன்று கிடங்கு இருப்பையும் பணக் கணக்கையும் ஒப்படைக்கிறோம்.

அதன் பெருமையை மறுப்பதற்கில்லை. பைத்தான் ஆப்ஜெக்டில் மதிப்பை மாற்றி சேவ்() என்று அழைத்தால் போதும். முதன்மைச் சாவி இருந்தால், பொதுவாக முதலில் அப்டேட் செய்து பார்க்கும். எந்த வரிசையும் அகப்படாவிட்டால் இன்சர்ட் செய்யும். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்ஸா, மைஎஸ்க்யூஎல்லா என்று நிரலர் கவலைப்பட வேண்டியதில்லை. நிர்வாகத் திரைகளுக்கும் படிவங்களுக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆனால் நாம் மாற்றியது ஒரு புலம். சேவ்() எழுதுவதோ எல்லாப் புலங்களையும். பின்னணிப் பணி ஒன்று வாடிக்கையாளர் பதிவை எடுத்து, வெளிச் சேவை ஒன்றில் முகவரியைச் சரிபார்த்து, சில நொடிகள் கழித்துச் சேமிக்கிறது என்று வையுங்கள். அந்த இடைவெளியில் வாடிக்கையாளர் தன் கைபேசி எண்ணை மாற்றியிருந்தால், பழைய எண்ணே மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிழைச் செய்தி வராது. பதிவேட்டிலும் தடயம் இருக்காது. ரூபி மொழியின் ரெயில்ஸ் சட்டகம் மாறிய புலங்களை மட்டும் எழுதுகிறது. ஜாங்கோவில் அதற்கு அப்டேட்_ஃபீல்ட்ஸ் என்று நாமே கேட்டு வாங்க வேண்டும். இயல்பிருப்பாக இருந்திருக்க வேண்டியது விருப்பத் தேர்வாகிவிட்டது என்பதே என் புகார்.

"அடாமிக் பரிவர்த்தனைக்குள் போட்டிருக்கிறோமே, பிறகென்ன பயம்?" என்பார்கள். இருப்பு 10 என்று இரண்டு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் படித்து, ஆளுக்கு ஒன்று கழித்துச் சேமித்தால் மிஞ்சுவது 9, 8 அல்ல. போஸ்ட்கிரெஸ்ஸின் இயல்பான 'ரீட் கமிட்டட்' தனிமைநிலை இதைத் தடுக்காது. பரிவர்த்தனை தருவது 'எல்லாவற்றையும் எழுது, அல்லது எதையும் எழுதாதே' என்ற உறுதி. படித்த மதிப்பு பழசாகிவிட்டதா என்று அது தானாகப் பார்த்துச் சொல்லாது. பரிவர்த்தனை பின்வாங்கினாலும் தரவுத்தளம்தான் பழைய நிலைக்குத் திரும்பும். நினைவகத்து ஆப்ஜெக்ட் புது மதிப்போடு அப்படியே நிற்கும். ஜாவாவின் ஹைபர்னேட்டில் பதிப்பு எண் வைத்து மோதலைக் கண்டறியும் வசதி உள்ளிணைந்தே வருகிறது. ஜாங்கோவில் அது இல்லை.

தப்பிக்க வழிகள் உண்டு. செலக்ட்_ஃபார்_அப்டேட்() வரிசையைப் பூட்டும். எஃப்() கோவை கழித்தலைத் தரவுத்தளத்திடமே விட்டுவிடும். இருப்பு மிச்சமிருந்தால் மட்டும் ஒன்று கழி என்று நிபந்தனையோடு அப்டேட்() அனுப்பி, எத்தனை வரிசை மாறியது என்று பார்ப்பது எனக்கு மிகப் பிடித்த வழி.

இங்கேதான் இன்னொரு சிக்கல். பல குழுக்கள் தங்கள் விதிகளை சேவ்()-க்குள்ளேயே எழுதி வைத்திருக்கும்: தணிக்கைக் குறிப்பு, மின்னஞ்சல், கணக்குச் சரிபார்ப்பு. அப்டேட்() அந்த சேவ்()-ஐத் தொடுவதே இல்லை. சிக்னல்களும் எழாது, திருத்திய நேரமும் தானாக மாறாது. பாதுகாப்பான பாதைக்கு மாறிய அன்றே விதிகள் ஓசையின்றி விடுபட்டுப்போகும். சேவ்()-ஐ நம்பி இருந்தவர்களுக்கும் முழு நிம்மதி இல்லை. மாதிரியின் சரிபார்ப்பை, அதாவது ஃபுல்_கிளீன்()-ஐ, அதுவும் தானாக அழைப்பதில்லை. இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக்கூடாது போன்ற விதிகளின் இடம் தரவுத்தளம்தான்; ஜாங்கோவின் 2.2 பதிப்பிலிருந்து செக்கன்ஸ்ட்ரெய்ன்ட் அதற்காகவே இருக்கிறது.

படிவங்களுக்கு சேவ்() தாராளமாக இருக்கட்டும். பணமோ சரக்கோ எண்ணும் புலத்தில் 'படி, கழி, சேமி' என்ற மூன்று வரிகளை நிரல் மீளாய்வில் கண்டால், அடாமிக் சுற்றியிருந்தாலும், பூட்டு இல்லாதவரை திருப்பி அனுப்புங்கள்.