கள்வன் என்றொரு கதை

மதுரையில் ஒரு பொற்கொல்லன் கதை சொன்னான். கோவலன் வெட்டுண்டு வீழ்ந்தான். சிலப்பதிகாரத்தைக் கண்ணகியின் காப்பியமாகப் போற்றும் நாம், அதன் கொலைக்களக் காதையைக் காவல் துறைக்கான பாடமாகவும் ஒருமுறை படித்துப் பார்த்தல் வேண்டும்.

கொல்ல வந்த காவலர் அங்கே உடனே வாளை உருவவில்லை. இவன் தோற்றத்தைக் கண்டால் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். அத்தயக்கம் பொற்கொல்லனுக்கு ஆகாது. கள்வர் மந்திரம் அறிவர், மருந்து அறிவர், தந்திரம் அறிவர், காலமும் இடமும் அறிவர் என்று அடுக்குகிறான். கேட்டு நின்ற காவலருள் ஒருவன், மாரிக்கால நள்ளிரவில் தன் கைவாளையே பறித்துக்கொண்டு மறைந்த கள்வன் ஒருவனைப் பற்றிச் சொல்கிறான். கதைக்கு மேல் கதை! அச்சத்துக்கு மேல் அச்சம்! எழுத்தறியாத குடிகாரன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கேள்வியில்லை, சான்றில்லை, தீர்ப்பில்லை. வாள் எழுமுன் கதை எழுந்தது. கொலையைச் செய்தது கதையே.

அக்கதை இன்றும் சொல்லப்படுகிறது. இப்போது அதற்குப் பெயர் ‘மோதல்’.

2015 ஏப்ரல் 7 அன்று, ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்டத்துச் சேசாசலக் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரக் கடத்தல் தடுப்புப் படையினர் சொன்ன கதை இது: நூறு பேருக்கு மேல் திரண்டு வந்து கல்லாலும் கோடரியாலும் தாக்கினர், தற்காப்புக்காகச் சுட்டோம்.

இலக்கிய ஏட்டைப் படிப்போர் நாம். கதை என்று ஒன்று வந்தால் அதைக் கதையாகவே எடைபோட நமக்கு உரிமையுண்டு. களம் இரண்டு, ஓரிடத்தில் 9 பிணம், மற்றோரிடத்தில் 11. இரண்டு களத்திலும் ஒரே நிகழ்ச்சி, ஒரே உரையாடல், ஒரே முடிவு! நூறு கோடரிகள் பாய்ந்த போரில் காவலர் தரப்பில் ஓர் உயிரும் போகவில்லை. இரு பக்கமும் முட்டிக்கொள்வதைத்தானே தமிழில் மோதல் என்போம்? மாண்டவர்களுக்கு இக்கதையில் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. கூட்டம், கும்பல், கடத்தல்காரர் என்ற பொதுச்சொற்களே உண்டு. பள்ளி மாணவன் இப்படி எழுதி வந்தால் ஆசிரியர் திருப்பித் தந்துவிடுவார். அரசாங்கம் ஏற்றுக்கொள்கிறது.

வேறொரு கதையும் இருந்தது. பேருந்தில் வந்துகொண்டிருந்தவர்களைக் காவலர் இறக்கிக் கொண்டுபோயினர் என்று, தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சொன்னார்கள். இரு கதைகளில் எது மெய் என்று உரைத்துப் பார்க்கும் உரைகல் நீதிமன்றம் ஒன்றுதான். குற்ற நடைமுறைச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, மரண தண்டனைக்கோ வாழ்நாள் சிறைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைக் கைது செய்யும்போது கொல்லக் காவலருக்கு உரிமையில்லை என்றது. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டத்தின் 43ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. மரம் வெட்டுதல் தூக்குமேடைக் குற்றமா? ஆகவேதான் ‘தற்காப்பு’ என்ற சொல் கதைக்குத் தேவைப்படுகிறது. அச்சொல் இல்லையேல் அது கொலை. இப்படிப்பட்ட சாவு ஒவ்வொன்றிலும் முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும், சுட்ட நிலையத்தைச் சாராதவர் புலனாய வேண்டும், நடுவர் விசாரணை நடக்க வேண்டும், சுட்டவர்க்கு உடனடிப் பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23 அன்றே விதித்திருந்தது. ஏழு மாதம் கூட ஆகவில்லை, சேசாசலம் நிகழ்ந்தது.

மாண்டோரில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர். சவ்வாது மலையும் சித்தேரி மலையும் அழுத அழுகை பக்கத்திலிருக்கும் கல்வராயன் மலைக்கு எட்டாமற் போகுமா? மூன்று மலைகளிலும் வாழ்வோர் மலையாளிகள் என்னும் ஒரே பழங்குடியினர். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே தலை நிமிர்ந்து நிற்கும் இம்மலையை 1976 வரை ஆண்டவர்கள் சாகீர்தார்கள். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டுகள் கழிந்த பின்னரே அம்மக்கள் சாகீரிலிருந்து விடுபட்டனர்! வேலை தேடிக் கீழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் செல்லும் அவர்களைத்தான், நாட்கூலியைப் போல் பன்மடங்கு தருவதாகச் சொல்லித் தரகர்கள் செம்மரக் காட்டுக்கு அழைத்தனர். மரத்தை விற்றுப் பொருள் குவித்தவன் மாளிகையில் இருந்தான். காட்டில் கோடரி பிடித்தவனே சுடப்பட்டான். 2018 பிப்ரவரியில் கடப்பை மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. அவர்கள் சேலம் மாவட்டத்துக் கல்வராயன் மலையில், கருமந்துறைப் பக்கத்து ஊர்க்காரர்கள். நீரில் மூழ்கிவிட்டனர் என்றது காவல் துறை. உறவினர்கள் அதை ஏற்கவில்லை.

கல்வராயன் என்ற பெயரில் இருப்பது லகரம். காவல் ஏட்டில் ஏறும்போது அது ளகரமாகிக் ‘கள்வர்’ ஆகிவிடுகிறது. 2024 சூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக் கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் 60க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டபோதும், குடித்தவர் செத்தது மெத்தனாலால் என்ற உண்மையை மறந்து மலையை நோக்கி விரல் நீட்டியோர் உண்டு. மலை மக்களின் வாழ்வுநிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதன் பிறகு தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது.

அச்சக் கதையையே பயிற்சியாக்கிக்கொண்ட நாடு அமெரிக்கா. 1983இல் அங்கே ஒரு காவல் பயிற்சியாளர் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு 21 அடி தொலைவில் நிற்பவன், காவலர் துப்பாக்கியை உருவிச் சுடுவதற்குள் மேலே பாய்ந்துவிடுவான் என்பது அதன் சாரம். எச்சரிக்கையாகச் சொன்னது ஆண்டுகள் செல்லச் செல்ல விதியாயிற்று. 21 அடிக்குள் நின்றால் சுடலாம் என்று வகுப்புதோறும் ஓதினர். 2015இல் அந்நாட்டுக் காவல் அதிகாரிகளின் ஆய்வு மன்றமே கணக்கெடுத்தபோது, புதிதாகச் சேர்வோர்க்குத் துப்பாக்கிப் பயிற்சி 58 மணி நேரம், பேச்சால் பதற்றம் தணிக்கும் பயிற்சி 8 மணி நேரம் என்று தெரிந்தது. பொற்கொல்லன் மதுரையில் மரத்தடியில் நின்று நடத்திய வகுப்பும் இதுதான்!

அண்டை மாநிலத்தைச் சாடிவிட்டு நம் வீட்டை மறப்பது பகுத்தறிவாகாது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் 13 பேர் சுடப்பட்டு மாண்டனர். காவலர்களுக்கு ஆபத்து வந்ததால் சுட்டனர் என்ற கதையை அருணா செகதீசன் ஆணையம் ஏற்க மறுத்தது. 1855லேயே சென்னை மாகாணத்தில் சித்திரவதை ஆணையம் என்றே ஒன்று அமர்ந்து அறிக்கை தந்திருக்கிறது. பழைய நோய்தான்.

கதை சொல்வோரைக் குறை கூறினால் போதுமா? கேட்டுக் கைதட்டுவோர் யார்? 2003இல் வெளிவந்த ‘காக்க காக்க’ முதல் எத்தனை படங்களில், நாயகன் நீதிமன்றத்தை நகைத்துவிட்டுச் சுடும்போது கொட்டகை அதிர்ந்தது! ‘விசாரணை’ அந்தக் கைதட்டலை நிறுத்தியது. கூலித் தொழிலாளரைக் கொன்றுவிட்டு, காவலரே உட்கார்ந்து மோதல் கதை புனைவதை அது காட்டியது. 2024இல் வந்த ‘வேட்டையன்’ குற்றமற்றவன் ஒருவன் சுடப்பட்டதைச் சொல்லத் துணிந்தது. ஆயினும் துப்பாக்கி நாயகனுக்குரிய ஆரவாரத்தை விட மனம் வரவில்லை. இரண்டு படகில் கால் வைத்த படம் என்பதே நம் கருத்து. திரைக்கு வெளியிலும் அதே ஆரவாரந்தான். 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே, பெண் மருத்துவர் கொலையில் பிடிபட்ட நால்வரைச் சுட்ட காவலர்மேல் மக்கள் மலர் தூவினர். 2022இல் வெளியான சிர்புர்கர் ஆணைய அறிக்கை, கொல்லும் நோக்கத்தோடே சுட்டனர், 10 காவலர்மீது கொலை வழக்கு நடத்துக என்றது. அதற்குள் மலர்கள் வாடிவிட்டன. மலர் தூவியவர்களில் எத்தனை பேர் அந்த அறிக்கையைப் படித்தனர்?

கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம் வட்டாரத்துப் படிப்பகங்களில் கூடும் இளைஞர்களே! நாளை ‘மோதலில் இருவர் சாவு’ என்று ஏடு எழுதினால் அந்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள். முதல் தகவல் அறிக்கை யார்மீது? புலனாய்ந்தது எந்த நிலையம்? நடுவரின் அறிக்கை வந்ததா? தகவல் உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது, மனு எழுதுங்கள். மாண்டவனின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். அறிக்கை வந்தால் அதன் படி ஒன்று மலையேறி, அவன் வீட்டாரின் கைக்குப் போய்ச் சேரட்டும்.