வேலியோர வைத்தியம்

ஆடு கடிக்காது என்பதற்காகவே வேலியில் வைக்கப்படும் செடி நொச்சி. பண்டைத் தமிழகத்தில் கோட்டை காத்த வீரர்கள் சூடியதும் இதன் பூவைத்தான். கை விரித்தாற்போல் ஐந்து சிற்றிலைகள். மேலே கரும்பச்சை, அடியில் சாம்பல் வெளுப்பு. கசக்கினால் எழும் காட்டமான வாசம் எனக்கு எந்த அத்தரையும்விடப் பிடிக்கும். அந்த வாசத்துக்குத்தான் தானியக் குதிரில் இலையைப் போட்டு வைத்தார்கள், பூச்சி அண்டாது.

ஆயுர்வேதத்தில் இது நிர்குண்டி. மூட்டுவலிக்கும் நரம்பு இழுப்புக்கும் அதன் தைலம் பேர்போனது. ஆனாலும் என் மனம் ஒத்தடத்தில்தான் நிற்கிறது. கேரளத்து இலக்கிழியில் நொச்சி, எருக்கு, ஆமணக்கு இலைகளை நறுக்கி, தேங்காய்த் துருவலும் எலுமிச்சையும் சேர்த்து எண்ணெயில் வதக்கித் துணியில் முடிவார்கள். சூடு புறங்கையில் பார்த்த பிறகே முழங்காலில் படும். ஆறினால் மறுபடி வாணலிக்கு. மருந்தோடு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமும் சேர்ந்துதான் அந்த வைத்தியம். மாத்திரை அட்டையில் அது வராது. வீக்கமும் காய்ச்சலும் சேர்ந்தால் மட்டும் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

ஒரு குச்சியை ஒடித்து நட்டாலே துளிர்க்கும்.