பிழை பிடிபடும் பொழுது

பொருளின் விலை மாறும்போதெல்லாம் பழைய விலையைத் தணிக்கை டேபிளில் எழுதிவைக்கும் ஒரு சின்ன டிரிகர். அதற்குள் ‘பழைய_விலை’ என்ற நெடுவரிசையை அவசரத்தில் ‘பழய_விலை’ என்று அடித்துவிட்டோம். ஓர் ஐகாரம் போயிற்று, அவ்வளவுதான். இந்த ஒற்றைப் பிழையைக் கையில் வைத்துக்கொண்டு டேட்டாபேஸ் டேட்டாபேஸாக ஏறி இறங்கினால் ஒவ்வொன்றின் குணமும் வெளிப்பட்டுவிடும். எல்லாமே என்றோ ஒருநாள் இதைக் கண்டுபிடிக்கத்தான் போகின்றன. எப்போது வாயைத் திறக்கின்றன என்பதில்தான் ரசிக்க விஷயம் இருக்கிறது.

ஆரக்கிள் உடனே பார்த்துவிடும். அதன் பிஎல்/எஸ்கியூஎல், அடா மொழியின் வழிவந்தது. பெயரையும் வகையையும் முன்கூட்டியே சரிபார்க்கும் கறார் அந்தக் குடும்பத்துச் சொத்து. ஆனால் பார்த்த பிறகு அது செய்வதுதான் வேடிக்கை. பிழையுள்ள டிரிகரைத் தள்ளிவிடாது. கம்பைல் பிழைகளோடு டிரிகர் உருவானது என்று ஓர் எச்சரிக்கையைக் காட்டிவிட்டு அதை அப்படியே டேபிளில் உட்காரவைத்துவிடும். அதற்குப் பிறகு விலையை மாற்றப் போகிற எவருக்கும் ஓஆர்ஏ-04098தான் பதில்: டிரிகர் செல்லாது, மறுபடி சோதித்தும் தேறவில்லை. எழுதியவர் எச்சரிக்கையைக் கவனிக்காமல் சாப்பிடப் போயிருப்பார். தண்டனை கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு.

கொடுமைதான். ஆனால் யோசித்தால் இதில் ஒரு முரட்டு நேர்மை இருக்கிறது. தணிக்கை எழுதாமல் விலை மாறுவதைவிட விலை மாறாமலே இருப்பது மேல் என்பது ஆரக்கிளின் கட்சி. விதியைச் சோதித்துப் பார்க்க முடியாத நிலையில் விதியே இல்லை என்று பாவிக்க அது தயாரில்லை. பிற்பாடு 11ஜி பதிப்பில் கொஞ்சம் இரக்கம் காட்டினார்கள்: டிரிகரை முடக்கிய நிலையிலேயே உருவாக்கி, கம்பைல் ஆகிறதா என்று பார்த்துவிட்டு இயக்கிக்கொள்ளலாம். அதே பதிப்பில் இன்னொரு நயமும் வந்தது. முன்பெல்லாம் தணிக்கை டேபிளில் சம்பந்தமில்லாத நெடுவரிசை ஒன்றைச் சேர்த்தாலே டிரிகர் செல்லாததாகி, அடுத்த முறை மறுபடி கம்பைல் ஆகும். 11ஜிக்குப் பிறகு, தான் தொட்ட நெடுவரிசைக்கு ஏதாவது நேர்ந்தால்தான் கவலைப்படும்.

ஃபயர்பேர்டுக்கு இந்த நாடகமெல்லாம் கிடையாது. பிழை இருந்தால் டிரிகரே பிறக்காது. பிறந்துவிட்டால், அது நம்பியிருக்கும் நெடுவரிசையை யாரும் நீக்க முடியாதபடி கணக்கில் எழுதிவைத்துக்கொள்ளும். குறையொன்றுமில்லை, அதனாலேயே பேசவும் அதிகமில்லை.

போஸ்ட்கிரெஸ் நேர் எதிர். யான் வீக் 1990களின் இறுதியில் எழுதிக்கொடுத்த பிஎல்/பிஜிஎஸ்கியூஎல், பார்வைக்கு ஆரக்கிள் மொழியின் தம்பி. குணத்தில் இல்லை. இங்கே டிரிகருக்கான ஃபங்ஷனைத் தனியாக எழுதி, பிறகு ஒரு டேபிளோடு கட்டுகிறோம். ஒரே ஃபங்ஷனைப் பத்து டேபிள்களோடும் கட்டலாம். அதை எழுதும் நேரத்தில், வரப்போகும் பதிவில் என்னென்ன நெடுவரிசைகள் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஆளைப் பார்க்காமல் சட்டை தைக்கச் சொன்னால் தையற்காரர் துணி கிழிசலா என்று மட்டும்தானே பார்க்க முடியும்? இலக்கணம் சரியா என்று பார்த்துவிட்டு உடலை வெறும் எழுத்தாகவே சேமித்துக்கொள்கிறது போஸ்ட்கிரெஸ். ‘பழய_விலை’ சிரமமின்றி உள்ளே போய்விடும். யாராவது விலையை மாற்றி, ஓட்டம் அந்த வரிக்கு வந்து சேரும்போதுதான் பிடிபடும். அந்த வரி ஓர் இஃப்புக்குள் இருந்து, நிபந்தனை ஆண்டுக்கு ஒருமுறைதான் நிறைவேறும் என்றால் பிழையும் ஓராண்டு நிம்மதியாகத் தூங்கும்.

இதைச் சோம்பல் என்று திட்டுபவர்கள் அதே போஸ்ட்கிரெஸின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். டிரிகரைக் கட்டும் கட்டளையில் ‘வென்’ என்று ஒரு நிபந்தனை வைக்கலாம். அங்கே டேபிளின் பெயர் கண்ணெதிரில் இருக்கிறது. ஆகவே அதில் ஓர் எழுத்து தவறினாலும் அந்த நொடியே மறுப்பு. அந்த நெடுவரிசையைப் பின்னால் நீக்கப் போனாலும் இந்த டிரிகர் இதை நம்பியிருக்கிறது என்று தடுக்கும். தெரிந்ததில் கறார், தெரியாததில் பொறுமை. பாவெல் ஸ்டெஹுலே எழுதிய பிஎல்பிஜிஎஸ்கியூஎல்_செக் என்ற துணைக்கருவி இந்த இடைவெளியைத்தான் அடைக்கிறது. ஃபங்ஷனை ஓட்டாமலே வரி வரியாகச் சோதிக்கும். டிரிகர் ஃபங்ஷன் என்றால் எந்த டேபிளோடு என்று கேட்கும், சொல்லாமல் விடாது.

மைஎஸ்கியூஎல் 5.0இல்தான் டிரிகருக்கே வந்தது. சொந்த டேபிளின் நெடுவரிசைகளை உருவாக்கும்போதே பார்க்கும். அடுத்த டேபிளில் எழுதுவதைப் பற்றிக் கவலைப்படாது, ஆகவே நம் பிழை தப்பிவிடும். எஸ்கியூஎல் சர்வரின் நியாயம் விசித்திரம். தணிக்கை டேபிள் இருந்து, நெடுவரிசைப் பெயர் மட்டும் தவறென்றால் உடனே பிடிக்கும். டேபிளே இல்லையென்றால் பிறகு வருமாக்கும் என்று விட்டுவிடும். ஐகாரம் போனால் குற்றம், டேபிளே போனால் மன்னிப்பு.

எனக்கு மிகவும் பிடித்தது எஸ்கியூலைட். அதுவும் டிரிகரை எழுத்தாகத்தான் வைத்திருக்கிறது. உருவாக்கும்போது உள்ளே இருக்கும் பெயர்களைத் தேடிப் பார்ப்பதில்லை. ஆனால் விலையை மாற்றும் கட்டளையைத் தயாரிக்கும்போது டிரிகரின் உடலையும் அந்தக் கட்டளையின் நிரலோடு சேர்த்தே கம்பைல் செய்துவிடுகிறது. ஆகவே ஒரு பதிவைக்கூடத் தொடுவதற்கு முன்பே பிழை வெளிவந்துவிடும். ‘வென்’ நிபந்தனை பொய்யாகப் போகிறதா, மாற்ற ஒரு பதிவாவது இருக்கிறதா என்பதெல்லாம் பொருட்டில்லை. ஓடாத வரியின் பிழையையும் ஓட்டத்துக்கு முன் சொல்கிறது. அதே நேரம், விலை மாறினால் மட்டும் என்று கட்டப்பட்ட டிரிகர், பொருளின் பெயரை மட்டும் திருத்தும் கட்டளைக்குள் வரவே வராது. அந்தக் கட்டளை தன் பாட்டுக்கு ஓடும். எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும், தேவைப்படும் நேரத்துக்குச் சற்று முன்னால்.

2018இல் வந்த 3.25 பதிப்பிலிருந்து அதற்கு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. ஒரு டேபிளின் பெயரை மாற்றினால் டிரிகர்களுக்குள்ளும் அந்தப் பெயரைத் தானே திருத்துகிறது. அதற்காக எல்லா டிரிகர்களையும் படித்தாக வேண்டும். விளைவு, எங்கோ மூலையில் யாரும் தொடாமல் கிடந்த ஓட்டை டிரிகர் ஒன்று, சம்பந்தமே இல்லாத டேபிளுக்குப் பெயர் மாற்றும்போது குறுக்கே வந்து நிற்கும். இந்தத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய நடத்தைக்குத் திரும்ப ஒரு பிராக்மா வைத்திருக்கிறார்கள். நான் அதைப் போடுவதில்லை.