கூலியும் கூரையும்

“வீட்டைக் கட்டிப் பார்” என்பது நம் நாட்டுப் பழமொழி. கட்டுகிறவனின் திறமைக்கும் பொறுமைக்கும் அது சோதனையாம்! ஊதியம் நின்ற இடத்திலேயே நிற்க, செங்கல்லும் மணலும் நாளுக்கொரு விலை ஏறும் நாட்டில் சோதிக்கப்படுவது திறமையா, மடியிலுள்ள பணமா? இந்தக் கேள்வியைத் திரையிலே எழுப்பிய படம், பாலு மகேந்திரா 1988இல் தந்த ‘வீடு’.

கதை எளியது. அலுவலகத்தில் பணிபுரியும் சுதா, முதியவரான தாத்தா, படிக்கும் தங்கை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லுகிறார் உரிமையாளர். சென்னையெங்கும் அலைந்தும் சம்பளத்துக்கேற்ற வாடகையில் ஒரு கூரை கிடைக்கவில்லை. கடன் வாங்கிச் சொந்த மனையில் வீடெழுப்பத் துணிகிறாள் சுதா. துணிந்தவளுக்குக் கிடைத்ததென்ன? சிமென்ட்டைக் களவில் விற்கும் ஒப்பந்தக்காரர்! அரைகுறையாய் எழுந்த சுவரைத் தடவி மகிழ்ந்த தாத்தா, திரும்பும் வழியிலேயே மாண்டு போகிறார். கடைசியில், அந்நிலமே குடிநீர் வாரியம் எடுத்துக்கொண்ட நிலம் என்கிறது அதிகாரம். நீதிமன்றத்திலே அவள் காத்திருக்க, படம் முடிகிறது.

பாட்டில்லை, கூத்தில்லை, சண்டையில்லை. தேசிய விருது பெற்ற அர்ச்சனாவின் நடிப்பு, சொக்கலிங்க பாகவதரின் முதுமை, இளையராஜாவின் இசை, இவையே படத்தின் அணிகலன்கள். எல்லாம் தலையெழுத்து என்று வானத்தைக் காட்டித் தப்பாமல், துன்பம் செய்பவர் மனிதரே என்று காட்டியதற்காக இப்படத்தை நாம் போற்றுகிறோம்.

ஆயினும் ஒரு குறையைக் கூறத்தான் வேண்டும். களவைச் சுதாவுக்கு எடுத்துரைத்தவள், அங்கே கல் சுமந்த சித்தாள் மங்கம்மா. அவளுடைய நேர்மையைப் படம் காட்டியது. அவளுடைய கூரையைக் கதையாக்கவில்லை. ஒப்பந்தக்காரரும் அதிகாரியும் யோக்கியராயிருந்தால் சுதாவின் வீடு எழுந்திருக்கும். மங்கம்மாவின் வீடு? ஊரிலுள்ளோர் அனைவரும் யோக்கியராயினும் எழாது! அங்கே தடையாய் நிற்பது கூலி.

எங்கள் குஜிலியம்பாறை வட்டாரத்தைப் பாருங்கள். பக்கத்துக் கரிக்காலியிலே சிமென்ட் ஆலை. மூட்டை மூட்டையாய் வெளியே போகிறது சிமென்ட். வியர்வை சிந்தும் உழைப்பாளிக்கோ அதில் ஒரு மூட்டை வாங்குவதும் பெரும்பாடு. வங்கியிலே கடன் கேட்டால் சம்பளச் சீட்டு எங்கே என்பார்கள். சித்தாளுக்கு ஏதய்யா சம்பளச் சீட்டு?

பள்ளிப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு ஒன்று. தமிழக அரசு 2024இல் அறிவித்த கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ஒதுக்கிய தொகை 3.5 லட்சம் ரூபாய். ஏழைக்குக் கை கொடுக்கும் நல்ல திட்டம். அத்தொகையை உழைப்பாளி தானே ஈட்டுவதென்றால்? நூறு நாள் வேலைக்கு 2025-26இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலி 336 ரூபாய். நூறு நாளும் தவறாமல் வேலை கிடைத்தால் ஆண்டுக்கு 33,600 ரூபாய். ஒரு கவளம் உண்ணாமல், ஒரு முழத் துணி வாங்காமல் சேர்த்தாலும் பத்தாண்டுக்கு மேலாகும்! அதுவரை விலைகள் காத்திருக்குமா?

சிக்கனமாயிரு, சேர்த்து வை என்று ஏழைக்கு உபதேசிப்போர் இக்கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். வீடில்லாதவனிடம் “வீட்டைக் கட்டிப் பார்” என்று சொன்னது போதும். கூலி கொடுக்கும் கைகளிடம் இனி நாம் சொல்லுவோம்: “கூலியை உயர்த்திப் பார்!”