வீட்டில் உப்பிடுதல்

சமையல் குறிப்பையும் இலக்கியத்தில் ஒரு வகையாகக் கருத வேண்டும் என்பது வெகு நாளாக என் அபிப்பிராயம். கதைக்கு இருப்பதுபோல அதற்கும் ஒரு தொடக்கம், ஒரு சிக்கல், ஒரு முடிவு உண்டு. படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அடுப்பு மூட்டுவதில்லை என்பதிலும் அது கதையைப் போலத்தான். ஆகவே சமையல் பக்கங்களில் சில வருஷங்களாக அடிக்கடி தென்படுகிற ஒரு குறிப்பை, கதையை விமரிசிக்கிற முறையிலேயே விமரிசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. கோழியை உப்பு நீரில் ஊறப்போட்டுப் புகையில் வேகவைக்கிற குறிப்பு அது.

விஷயம் இவ்வளவுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 அல்லது 60 கிராம் உப்பு, கொஞ்சம் வெல்லம், மிளகு, பூண்டு. கொதிக்கவைத்து நன்றாக ஆறிய பிறகு அதில் கோழியை முக்கிக் குளிர்பெட்டிக்குள் வைக்க வேண்டும். துண்டுகள் என்றால் இரண்டு மூன்று மணி நேரம், முழுக்கோழி என்றால் ஓர் இரவு. மறுநாள் எடுத்துத் துடைத்து, தோல் உலரும்வரை காற்றாட விட்டு, கனமான இரும்புச் சட்டியின் அடியில் மரச்சீவலைப் பரப்பி, மேலே கம்பித் தட்டில் கோழியை வைத்து இறுக மூடி, சிறு தீயில் விட வேண்டும். பிசின் உள்ள மரம் கூடாது, கசக்கும், மாமரம் நல்லது. தொடையின் கனமான இடத்தில் சூடு 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வெந்துவிட்டது என்று அர்த்தம். மாடிக் குடித்தனக்காரர்கள் ஜன்னல்களைத் திறந்துவைத்துக்கொண்டு, எதிர்வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது உசிதம்.

குறிப்பில் தவறு சொல்ல ஒன்றும் இல்லை. அளவாக உப்புச் சேர்ந்த நீர் தசைக்குள் இறங்கி அதைச் சற்றே தளர்த்துகிறது. தளர்ந்த தசை தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. சாதாரணமாக வெந்தால் நார்போல உலர்ந்துவிடுகிற நெஞ்சுக்கறி, இப்படிச் செய்தால் ஈரம் மாறாமல் இருக்கிறது. சாப்பிட நன்றாக இருக்கும். அதை மறுப்பது என் நோக்கமல்ல.

என் முதல் ஆட்சேபம் மொழியைப் பற்றியது. இந்தக் குறிப்பை எழுதுகிறவர்கள் 'பிரைனிங்' என்கிறார்கள், 'ஸ்மோக்கிங்' என்கிறார்கள், வேறு சொல்லே கிடைக்காதவர்கள் மாதிரி. உப்பிடுதல், உணக்குதல், உணங்கல், கண்டம், உப்புக்கண்டம் என்று வரிசையாகச் சொற்களை வைத்திருக்கிற பாஷை இது. ஆட்டுக்கறியைக் கயிறுபோல் அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாயும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயவைத்து, மழைநாளில் எடுத்துப் பொரிக்கிற வீடுகள் கொங்குநாட்டிலும் தெற்கிலும் இன்னும் இருக்கின்றன. விறகடுப்பு இருந்த காலத்தில் அந்தக் கறிச்சரம் அடுப்புக்கு மேலே தொங்கும். புகை போடவேண்டும் என்று யாரும் போட்டதல்ல. சோறு வடிக்கிறபோதே அதுவும் புகைந்துகொண்டிருக்கும். வாழைத்தாரைப் பழுக்கவைக்கப் புகை மூட்டம் போடுகிறவனுக்கு அந்தச் சொல் இருக்கிறது. கோழிக்கு மட்டும் இல்லாமல் போய்விட்டது.

இரண்டாவது ஆட்சேபம் கொஞ்சம் ஆழமானது. உப்பும் புகையும் ருசிக்காக வந்தவை அல்ல. கெட்டுப்போகாமல் காப்பதற்காக வந்தவை. புகையில் உள்ள அமிலங்களும் பீனால் என்கிற பொருள்களும் கிருமிகளைத் தடுக்கின்றன, கொழுப்பு சிக்கெடுப்பதைத் தாமதப்படுத்துகின்றன. பாய்க்கப்பல் காலத்து மாலுமிகள் பீப்பாய் பீப்பாயாக உப்பிட்ட மாட்டிறைச்சியை ஏற்றிக்கொண்டு போனது அதன் சுவைக்கு ஆசைப்பட்டு அல்ல. நம் குறிப்பில் வரும் கோழியோ இவ்வளவு பாடுபட்ட பிறகும் மறுபடி குளிர்பெட்டிக்குத்தான் போகிறது. அங்கே மூன்று நான்கு நாள்தான் தாங்கும். நோயில்லாதவன் ஆசைக்குப் பத்தியச் சாப்பாடு சாப்பிடுகிற மாதிரி இது. அதனால் குற்றம் ஒன்றுமில்லை, ஆனால் பத்தியம் எதற்காக ஏற்பட்டது என்கிற ஞாபகமாவது வேண்டாமா?

அந்த ஞாபகம் வேண்டுமென்றால் வெகுதூரம் போகவேண்டியதில்லை. ராயபுரத்தைத் தாண்டிக் காசிமேட்டுத் துறைமுகத்துப் பக்கம் போனால் போதும். கரைக்கு வந்த மீனில் ஏலத்தில் போகாதது, மலிந்துபோனது, பொடிமீன், எல்லாம் பெண்களின் கைக்கு வருகின்றன. நெத்திலி, சென்னாக்குன்னி போன்ற பொடிகளை அப்படியே வலையிலோ தார்ப்பாயிலோ பரப்பி வெயிலுக்கு விட்டுவிடுகிறார்கள். வாளை, சுறா, வஞ்சிரம் போன்றவற்றுக்கு வேலை அதிகம். வயிற்றைக் கீறிக் குடலும் செவுளும் எடுத்து, சதையில் ஆழக் கோடு கிழித்து, கோடுகளுக்குள் உப்பை அழுத்தி, தொட்டியில் அடுக்கடுக்காக வைக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு. இரவு முழுவதும் மீன் தன் உடம்பிலுள்ள நீரைக் கக்குகிறது. காலையில் பார்த்தால் தொட்டியில் அது தானே உண்டாக்கிய உப்பு நீரில் மூழ்கிக் கிடக்கும். கொஞ்சமாக இருந்தால் தண்ணீரைப் பிடித்துவைக்கிற அதே உப்பு, மிகுதியாக இருந்தால் தண்ணீரை வெளியே இழுத்துவிடுகிறது. அதன் பிறகு கழுவி இரண்டு மூன்று நாள் வெயில். ஐப்பசி கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டால் அத்தனையும் புழுத்துப்போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்று இருக்கும் நாட்களில் இந்தக் கருவாடுதான் கூடையில் ஏறி வீதிக்கு வருகிறது.

இவர்கள் ஏன் புகை போடுவதில்லை என்று ஒரு வாசகர் கேட்கலாம். வெயில் இருக்கிறது, அதனால் போடுவதில்லை. மாலத்தீவிலும் மினிக்காயிலும் சூரை மீனை வேகவைத்துப் புகையிட்டு, பிறகு வெயிலில் காயவைத்து, மரக்கட்டை மாதிரி ஆக்குகிறார்கள். மாசிக் கருவாடு என்று நாம் சொல்வது அதைத்தான். அது இல்லாமல் யாழ்ப்பாணத்துச் சம்பல் சம்பலாவதில்லை. வடசென்னைக்குப் புகை வேறு வழியாக வந்து சேர்ந்தது. எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை புகைந்தது. அதற்குப் பிறகும் அந்தக் கரையில் புகைபோக்கிகளுக்குப் பஞ்சமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்து எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிப் படகும் வலையும் கறுத்தன. அதே மாதக் கடைசியில் அம்மோனியா கசிந்து பெரியகுப்பத்து ஜனங்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். ஆயினும் 'அந்தப் பக்கம் போனாலே நாற்றம்' என்று நகரத்தார் சொல்லும்போது அவர்கள் மனசில் இருப்பது கருவாடு ஒன்றுதான்.

இந்த நாற்றத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. போதுமான உப்புப் பட்டு, சீக்கிரம் காய்ந்த கருவாட்டுக்கு வாசனை உண்டு, காட்டமான வாசனைதான்; ஆனால் அது அழுகல் நாற்றமல்ல. உப்புக் குறைந்தால்தான் அழுகுகிறது. சென்னை ராஜதானியில் 1805-இல் உப்பு சர்க்காரின் ஏகபோகமாயிற்று. எண்ணூர்ப் பக்கத்து உப்பளங்களில் விளைந்த உப்பு கால்வாய் வழியாகப் படகில் பட்டணம் வந்தது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அதைக் குவித்துவைத்த இடத்துக்கு 'சால்ட் கொட்டார்ஸ்' என்று பெயர். (அது 'குவார்ட்டர்ஸ்' என்று எண்ணிக்கொள்கிறவர்கள் உண்டு. கொட்டாரம் என்கிற நம் சொல்தான் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறது.) கண்ணெதிரே உப்பு விளைகிற கரையில் இருந்தவளுக்கு, வரி சேர்ந்த உப்பை வாங்கி மீனுக்குப் போடுவது கட்டுப்படியாகவில்லை. தானாகப் பூத்த உப்பை வாரினால் குற்றம். ஆகவே உவர் மண்ணைத் தடவினார்கள், அல்லது உப்பே இல்லாமல் மணலில் போட்டார்கள். சென்னைப் படையில் மருத்துவராக இருந்து இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஃபிரான்சிஸ் டே, 1870-களில் சர்க்காருக்கு எடுத்துச்சொன்னது இதைத்தான். உப்பு வரிதான் ஜனங்களை அழுகிய மீனைத் தின்னவைக்கிறது என்பது அவர் கட்சி.

பலன் இல்லாமல் போகவில்லை. கடற்கரை நெடுக மீன் உணக்கும் முற்றங்களை சர்க்காரே வேலியிட்டுத் திறந்தது. மீனைக் கொண்டுவந்து எடைபோட்டுக் காட்டினால் அதற்கு ஏற்ற அளவு வரியில்லா உப்புக் கிடைக்கும். ஆனால் உப்பை அந்த வேலிக்குள்ளேயே மீனில் போட்டுவிட வேண்டும். ஒரு பிடியைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது. 1905-இல் மீன்வள விசாரணையை ஏற்றுக்கொண்ட பிரெடரிக் நிக்கல்சனும் இந்த முற்றங்களைச் சீர்திருத்துவதில் மெனக்கெட்டவர். நல்ல மனிதர்கள்தான் எல்லாரும். உப்பு வரி ஒழிந்தது 1947-இல். அதுவரை கரையோரத்துப் பெண்ணுக்கு, தன் வீட்டு வாசலில் தன் மீனுக்குத் தாராளமாக உப்பிடுவது என்பது எட்டாத காரியமாக இருந்தது. 'வீட்டிலேயே உப்பிடுவது எப்படி?' என்கிற தலைப்பை இன்றைய சமையல் பக்கத்தில் பார்க்கும்போது எனக்கு அந்த வேலிதான் ஞாபகம் வருகிறது.

நம் நாவல்களிலும் இதே மூக்குதான் வேலை செய்கிறது என்பது என் கட்சி. தகழியின் 'செம்மீன்' சுந்தர ராமசாமியின் தமிழில் நமக்கு வெகு நாளாகக் கிடைக்கிறது. அதைப் படித்த எத்தனை பேருக்கு, பரீக்குட்டி மீன் வாங்கி உணக்கி விற்கிற சிறு வியாபாரி என்பது ஞாபகமிருக்கும்? செம்பன்குஞ்சுவின் படகும் வலையும் அந்தக் கருவாட்டு முதலிலிருந்துதான் வந்தன. வியாபாரி நொடித்துப்போனதும் அதனால்தான். நாம் ஞாபகம் வைத்திருப்பது நிலாவையும் பாட்டையும். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' (1977) எனக்குப் பிடித்த நாவல். வள்ளத்துக்கும் லாஞ்சுக்கும் நடக்கிற சண்டையை அது மென்மையாகவும் உறுதியாகவும் சொல்கிறது. ஆனாலும் அதில் காற்று பெரும்பாலும் காதலின் பக்கமிருந்தே வீசுகிறது. ராஜம் கிருஷ்ணன் ஒருவர்தான் உப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். தூத்துக்குடி அளத்தில் பாதம் வெடித்து நிற்கும் பெண்களை அவருடைய 'கரிப்பு மணிகள்' (1979) நேரே காட்டுகிறது. கதையமைப்பில் குறை சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் உப்பு அங்கே உவமையல்ல, கூலி. ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' (2004) வந்தபோது கடல் தமிழ் நாவலுக்குள் முழுசாக நுழைந்தது. எல்லாம் தென்கோடிக் கரைகள். காசிமேட்டுக்கு வாய்த்தது சினிமாதான். 2018-இல் வந்த 'வட சென்னை'யில் கேரம் பலகையும் கத்தியும் பார்த்தோம். அந்தக் கத்தி மீன் அறுக்கவும் உதவும் என்பது படம் பார்த்தவர்களுக்குத் தோன்றியிருக்குமா, தெரியாது.

இவ்வளவுக்கும் முன்னோடி இல்லாத காரியமா என்றால், அதுவும் இல்லை. நற்றிணையில் 45-ஆவது பாட்டைப் பாருங்கள். பாடியவர் பெயர்கூட நமக்கு வந்துசேரவில்லை. கொடி அசையும் கடைத்தெரு உள்ள ஊரிலிருந்து, விரைந்து ஓடும் தேருள்ள செல்வரின் மகன் ஒருவன் மீனவச் சிறுகுடிப் பெண்ணைத் தேடி வருகிறான். தோழி அவனை மறிக்கிறாள். நாங்கள் கொழுத்த சுறாவை அறுத்துக் காயப்போட்டு, அதைக் கொத்த வரும் பறவைகளை விரட்டுகிறவர்கள். எங்கள் மேல் புலால் நாறுகிறது. தள்ளி நில்லும் என்கிறாள். அதோடு விடவில்லை. கடலால் வாழும் எங்கள் சின்ன வாழ்வு உங்களுடையதற்கு நிகரல்ல, எங்களுக்குள்ளேயும் பெரிய மனிதர்கள் உண்டு என்று முடிக்கிறாள்.

அந்தச் 'சுறா' சும்மா விழுந்த சொல் அல்ல. கொழுப்புள்ள மீன்தான் காய நேரமெடுக்கும், அதற்குத்தான் பறவை அதிகம் வரும், அதற்குத்தான் ஒரு பெண் நாள் முழுக்க வெயிலில் காவல் நிற்க வேண்டியிருக்கும். தொழில் தெரிந்தவர் எழுதிய வரி. அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, நாற்றத்தை அவள் தானே எடுத்துச் சொல்கிற விதம். தேரில் வந்தவன் மூக்கைச் சுளிக்குமுன் இவள் சொல்லிவிடுகிறாள். மன்னிப்புக் கேட்கிற குரல் அது இல்லை. மாவடுவுக்கும் எலுமிச்சைக்கும் உப்பிட்டு ஜாடி கட்டுகிற வீட்டிலிருந்து வந்திருக்கிற நம் கதாசிரியர்கள் பிடிக்கத் தவறிய குரல்.

அந்த இளைஞன் அப்புறம் என்ன செய்தான் என்று பாட்டு சொல்லவில்லை. தேரைத் திருப்பிக்கொண்டு போயிருக்கலாம். இறங்கி வந்து ஒரு கழியை வாங்கிக்கொண்டு பறவைகளை விரட்டியும் இருக்கலாம். யாராவது எழுதட்டும். சுறா இன்னும் காய்ந்துகொண்டுதான் இருக்கிறது, காசிமேட்டில், தார்ப்பாயின் மேல்.